முதல் டம்ளர்

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளிடம் வேலை பார்ப்பவர்கள்தான். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பம்பரம். அவளுக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். காதில் போன், கையில் தட்டு, கண் வாசலில் என்று நின்றபடியே சாப்பிடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

தொழில், வீடுகளில் தண்ணீர்த் தொட்டி கழுவிக் கொடுப்பது. மொட்டைமாடியில் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறதே, அந்தத் தொட்டியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எதன்மேல் கிடந்து வருகிறது என்று யோசித்தால் குடிக்க முடியாது, அதனால் யோசிப்பதில்லை. பம்பரமும் ஒரு காலத்தில் யோசிக்காதவள்தான். குழாய்ச் சாமான் விற்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை பார்த்தாள். உட்கார்ந்து என்று சொன்னது ஒரு பேச்சுக்கு.

ஒரு நாள் வீட்டுத் தண்ணீரில் வாடை அடித்தது. ஆள் கூப்பிட்டாள். இரண்டு பேர் வந்து மேலே ஏறி, ஹோஸை விட்டு நாலு பக்கமும் பீய்ச்சிவிட்டு, ஏறின வேகத்தில் இறங்கிவிட்டார்கள். கூலியை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டும்போது பம்பரம் அடுப்படிக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

"களைச்சுப் போயிருப்பீங்க. குடிச்சிட்டுப் போங்க."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க வெளியில தண்ணி குடிக்கிறதில்லக்கா" என்றார் பெரியவர்.

அன்று மத்தியானமே பம்பரமும் அவள் நாத்தனாரும் உடையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார்கள். நாத்தனார் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். அடுத்து என்ன என்று தெரியாமல் அண்ணன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடியில் வண்டல் அள்ள அள்ள வந்தது. சுவரெல்லாம் பாசி. வழித்து, தேய்த்து, கழுவி, மருந்து போட்டு ஊறவைத்து, வடித்துவிட்டு, மறுபடி நிரப்பி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கீழே வந்து அதே டம்ளரில் தண்ணீர் பிடித்து முதலில் குடித்தவள் பம்பரம். மிச்சத்தை நாத்தனார் குடித்தாள். "இதையே தொழிலா செஞ்சா என்ன?" என்று முதலில் கேட்டது யார் என்பதில் இரண்டு பேருக்கும் இன்றுவரை தகராறு.

தொழில் பிடித்துக்கொண்டது. குழாய்ச் சாமான் கடைக்கு வருகிறவர்களே முதல் வாடிக்கைக்காரர்கள். பிறகு அவர்களுடைய பக்கத்து வீடு, அப்புறம் சம்பந்தி வீடு. ஆள் சேர்ந்தது, சட்டமும் சேர்ந்தது. சட்டம் போடுவதில் பம்பரத்துக்கு அலாதிப் பிரியம். தொட்டிக்குள் போடும் பூட்ஸ் தரையில் படக்கூடாது. அள்ளின வண்டலை வீட்டுக்காரரிடம் காட்டாமல் கொட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே டம்ளர். வேலை முடிந்ததும் தொட்டிக்குள் இறங்கினவரே அடுப்படிக் குழாயில் கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, வீட்டுக்காரர் கண் முன்னால் குடித்துக் காட்ட வேண்டும்.

"முதல் டம்ளர் நமக்கு. அப்புறம்தான் அவங்களுக்கு" என்பாள். ஊரில் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த டம்ளர்தான். விளம்பரத்துக்குக் கொட்டின காசெல்லாம் அதன் கால்தூசிக்குச் சமானம்.

பெயர் வந்தது, நிம்மதி வரவில்லை. வேலை முடிந்த வீட்டுக்கு அன்றைக்கே ஒரு போன், மறுநாள் ஒரு போன், அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்த்து ஒரு விசாரிப்பு. "உங்க ஆளுங்க வேலைல ஒரு குறையும் இல்லம்மா, உங்க போன் தொல்லைதான் தாங்க முடியல" என்று ஒரு வீட்டம்மா சொல்லியே விட்டாள். பம்பரம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தாள். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

பம்பரத்தின் கணவர் தையல்காரர். முன்னறையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவள் மாதிரி மனைவி குறுக்கும் நெடுக்கும் போவதை ஊசிக்கு மேலாகப் பார்ப்பார். "நீ நடக்கிற நடைக்கு இந்நேரம் அடுத்த ஊருக்கே போயிருக்கலாம்" என்பார். அவர் சொன்னதாலோ என்னவோ, பம்பரத்துக்கு ஊர்க்கோடியில் இருக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு கிளை போட ஆசை வந்துவிட்டது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசு. வீடுகள் எல்லாம் அடுக்குமாடி. ஒரு தெருவுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே தொட்டி தொட்டியாகத் தெரியும்.

"அந்தப் பக்கத்த நான் பாத்துக்கிறேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "இடம் பிடிச்சுக் குடுங்க, ஒரு ஆள் குடுங்க. போதும்."

"சட்டத்துல ஒரு எழுத்து மாறக்கூடாது."

"மாறாது."

"இங்க எப்படியோ அங்கயும் அப்படியே."

"சரி அண்ணி."

ஒரு சந்துக்குள் கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. ஒரு மேஜை, ஏணி, சுருட்டின ஹோஸ், பூட்ஸ். கூடவே தன் ஆட்களில் பாட்டுக்காரர் என்று பெயர் வாங்கினவரையும் அனுப்பிவைத்தாள். தொட்டிக்குள் குரல் கணீரென்று எதிரொலிக்கிறது என்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தாரோ என்று சந்தேகப்படும்படி உள்ளே இறங்கினால் பாட ஆரம்பித்துவிடுவார். கை மட்டும் சுத்தம். அவர் தேய்த்த மூலையில் விரலை விட்டால் விரல் அழுக்காகாது.

புதுக்கிளையில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு தடவை கூப்பிட்ட வீடு மறு தடவை கூப்பிடவில்லை. தொட்டியை அரை வருஷத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளில் கெடு வருவதற்கு முன்பே அவர்களாகவே போன் செய்வார்கள். அந்தப் பக்கத்து வீடுகள் நினைவுபடுத்தினால்கூட, "பாத்துட்டுச் சொல்றோம்" என்றன. குறை சொல்லித் திட்டினாலாவது சரிக்கட்டலாம். பாத்துட்டுச் சொல்றோம் என்பவரை என்ன செய்வது?

பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளுக்கு ஏழெட்டு முறை நாத்தனாருக்குப் போன்.

"வண்டலைக் காட்டினியா?"

"காட்டினேன் அண்ணி. நான் ஒண்ணு சொல்லணும், இந்தப் பக்கம் அடுப்படிக் குழாய்ல..."

"அடுப்படிக் குழாய்னா அடுப்படிக் குழாய்தான். அதுல கைய வெக்காத. டம்ளர்ல குடிக்கிறாங்களா இல்லையா?"

"குடிக்கிறாங்க, ஆனா..."

"அப்ப வேற என்னமோ கோளாறு. பாட்டுக்காரரு ரொம்ப சத்தமா பாடுறாரா? அதக் கேட்டு வை." போனை வைத்துவிடுவாள். வைத்த சூட்டில் அடுத்த போன்.

அறுந்த பேச்சு அறுந்தபடியே கிடந்தது. அறுத்தது தான்தான் என்று அவளுக்குப் படவே இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சாமர்த்தியம் போதாது என்றுதான் பட்டது. ஒரு நாள் மெஷின் பக்கத்தில் தட்டும் கையுமாக நின்றபடி கணவரிடம் சொல்லியும்விட்டாள். "உங்க தங்கச்சிக்கு இது ஒத்து வராது. மாசக் கடைசியோட அந்த இடத்த மூடிட்டு அவளத் திரும்பக் கூட்டிக்கிறேன்."

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். அவர் மெஷினை நிறுத்துவது அபூர்வம். "கூட்டிக்கிட்டு வந்து? மறுபடி துணி மடிக்கச் சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. மறுநாள் காலையிலேயே பாலத்தைத் தாண்டிப் போய், மறுபடி கூப்பிடாத வீடு ஒன்றின் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தது ஒரு நர்ஸ். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பம்பரம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் நர்ஸின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்தது.

"வேலை சரியா இல்லையாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"உள்ள வாங்க" என்று அடுப்படிக்குக் கூட்டிப் போனாள் நர்ஸ். குழாயைத் திறந்தாள். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது தெரியுமா?"

"மேல டேங்க்லேருந்து."

"தெருவுக்கு அடியில வர்ற லைன்லேருந்து. இந்த ஏரியா முழுக்க அடுப்படிக்கு நேர் லைன். டேங்க் தண்ணி பாத்ரூமுக்கும் துணி துவைக்கவும்தான். உங்க ஆளு இங்க நின்னு, தெருத் தண்ணிய ஒரு டம்ளர் குடிச்சிட்டு, டேங்க் சுத்தமாயிடுச்சுன்னு சொன்னாரு. நானும் எங்க வீட்டுக்காரரும் சிரிப்ப அடக்கிக்கிட்டு நின்னோம்."

பம்பரம் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"டேங்க நல்லாத்தான் கழுவியிருப்பாங்க, பொய் சொல்லக்கூடாது" என்றாள் நர்ஸ், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "ஆனா அந்த டம்ளரப் பாத்ததுக்கப்புறம் எதையும் நம்பத் தோணல. அக்கம்பக்கத்துல எல்லாம் உங்களத் தெருத்தண்ணி கம்பெனின்னுதான் சொல்றாங்க."

படியிறங்கும்போது பம்பரத்துக்குக் காது சூடாக இருந்தது. எந்த டம்ளரால் பாலத்துக்கு இந்தப் பக்கம் தலை நிமிர்ந்து நடந்தாளோ, அதே டம்ளர் அந்தப் பக்கம் மானத்தை வாங்கிவிட்டது. அடுப்படிக் குழாய்தான் என்று மாதக்கணக்காகக் குடிக்க வைத்தவளும் அவள்தான். வெட்கம் தாங்க முடியாதபோது மனிதர்கள் செய்வதையே அவளும் செய்தாள். அடுத்தவர் மேல் பாய நேராகக் கிளைக்குப் போனாள்.

நாத்தனார் தரையில் உட்கார்ந்து பூட்ஸுக்கு உள்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்காரர் ஏணிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, அடுப்படித் தண்ணி தெரு லைன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

நாத்தனார் பூட்ஸைக் கீழே வைத்தாள். "முதல் வாரமே சொல்ல வந்தேன். அப்புறமும் எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். ஒரு தடவைகூட நீங்க முழுசா கேக்கல. சட்டத்துல கைய வெக்காதன்னீங்க. நானும் வெக்கல."

பாட்டுக்காரர் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு ரொம்பக் கவனமாகச் சுவரைப் பார்த்தார்.

பம்பரம் அறைக்குள் இரண்டு நடை நடந்தாள். அதற்கு மேல் நடக்க அங்கே இடமில்லை. "சரி, இனிமே பாத்ரூம் குழாய்ல பிடிச்சுக் குடிங்க. டேங்க் தண்ணி எங்க வருதோ அங்கதான் குடிக்கணும்."

ஆணி வாயிலிருந்து வெளியே வந்தது. "அக்கா, என்ன வேணாலும் சொல்லுங்க, செய்யறேன். பாத்ரூம்ல நின்னு தண்ணி குடிக்கச் சொல்லாதீங்க. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டா."

"டேங்க்குக்குள்ள முழுசா இறங்குறவருக்கு டம்ளர்ல வாங்கிக் குடிக்க அருவருப்பா?"

"டேங்க்னா டேங்க்தான்க்கா. பாத்ரூம் பாத்ரூம்."

"நீங்க குடிக்க வேண்டாம், நானே குடிக்கிறேன்" என்றாள். "நாளைக்கு அந்தப் பெரிய குடியிருப்புல வேலை இருக்கில்ல? நீங்க கழுவுங்க, நான் வந்து குடிக்கிறேன்."

பெரிய குடியிருப்பு என்பது வரிசையாக நிற்கும் பல பிளாக்குகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிமெண்ட் தொட்டி. அங்கே குளிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் உடம்பில் அரிப்பு வந்து பெரிய சண்டையாகியிருந்தது. முதல் பிளாக்கைக் கழுவிக் காட்டினால், திருப்தியாக இருந்தால் மற்றதையும் தருவதாகச் சொல்லியிருந்தார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கிடைத்தால் கிளை பிழைக்கும், நாத்தனாரும் அங்கேயே இருப்பாள். இல்லையென்றால் மாசக் கடைசிதான். மூடப்போகிற விஷயத்தை அண்ணன் வாயிலிருந்து நாத்தனார் ஏற்கெனவே கேட்டுவிட்டாள் என்பது பம்பரத்துக்கு அப்போது தெரியாது.

மறுநாள் விடிந்ததிலிருந்தே அங்கே போய் நிற்க வேண்டும் என்று பம்பரத்துக்குக் கால் துடித்தது. இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் மோட்டார் ஓடவில்லை, இன்னொரு வீட்டில் ஆள் வரவில்லை. ஒன்றை முடிப்பதற்குள் மூன்று வந்து நின்றது. பாலத்தில் வண்டிகள் வேறு நகரவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது தொட்டி கழுவி, நிரப்பி, மூடியும் ஆகிவிட்டது. நாத்தனார் முழங்கைவரை ஈரமாக, முடியில் பாசித் துணுக்கோடு நின்றாள். பாட்டுக்காரர் வண்டல் வாளிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் கெட்டிக்காரர், கொஞ்சம் வாய்க்கொழுப்பும் உண்டு. சட்டைப்பையில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே கேட்டார். "தெருத்தண்ணி கம்பெனி ஓனர் நீங்கதானா?"

"இன்னிக்கு டேங்க் தண்ணி சார்" என்றாள் பம்பரம், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு.

கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்துவிட்டார். குளியலறை சின்னது. மூன்று பேர் நின்றால் கதவு மூடாது. பம்பரம் கண்ணாடி டம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தாள். முதலில் செம்பழுப்பாகக் கொட்டியது. குழாய்க்குள் கிடந்த துரு. கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் தெளிந்தது. டம்ளர் நிறையப் பிடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது.

வாய்வரை கொண்டுபோனாள். அங்கே கை நின்றுவிட்டது.

குளியலறை என்பதால் அல்ல. அந்தத் தொட்டியை அவள் பார்க்கவில்லை. மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கவில்லை, சுவரில் விரல் வைக்கவில்லை, வண்டல் வாளியைக்கூட ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேரைக் குடிக்க வைத்தவளுக்கு, தான் பார்க்காத தொட்டித் தண்ணீர் தொண்டையில் இறங்க மறுத்தது.

"மூலையெல்லாம் தேச்சியா?" என்று கேட்டாள், டம்ளரைப் பிடித்தபடியே.

"தேச்சேன் அண்ணி."

"அடியில அந்தக் குழி இருக்குமே, அதுல தேங்கியிருந்தத..."

"அள்ளிட்டேன்."

"மருந்து போட்டு எவ்வளவு நேரம் விட்ட? ரெண்டாந்தரம் கழுவினியா? யாரு உள்ள இறங்கினது, நீயா அவரா?"

செயலாளரின் சாவிக்கொத்துச் சத்தம் நின்றது. அவர் பம்பரத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "உங்களுக்கே நம்பிக்கை இல்லயேம்மா" என்றார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நாத்தனார் கையை நீட்டினாள். பம்பரத்தின் விரல்களிலிருந்து டம்ளரை மெதுவாக உருவினாள். ஒரே மூச்சாகக் குடித்தாள். அவசரமாகவும் இல்லை, நாடகமாகவும் இல்லை. வேலை முடிந்து தாகமெடுத்தவள் குடிக்கிற மாதிரி குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு செயலாளரைப் பார்த்துச் சொன்னாள்.

"மருந்து வாடை லேசா இருக்கு சார். சாயங்காலத்துக்குள்ள போயிடும். முதல்ல வந்த துரு தண்ணி குழாயோடது, டேங்கோடது இல்ல. எல்லா வீட்டுலயும் கொஞ்ச நேரம் திறந்துவிடச் சொல்லுங்க. மூடி ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. அத மாத்தலன்னா நாங்க எவ்வளவு கழுவியும் பிரயோஜனம் இல்ல, திரும்பப் பாசி பிடிக்கும்."

சொல்லிவிட்டு டம்ளரை மறுபடி நிரப்பி அண்ணியிடம் நீட்டினாள். கோபமோ வெற்றியோ அந்த முகத்தில் தெரியவில்லை. பம்பரம் வாங்கிக் குடித்தாள். மருந்து வாடை லேசாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. வாடையால் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செயலாளர் மேலே போனார், வாளிகளைப் பார்த்தார், தொட்டி மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார், இறங்கி வந்தார். "மத்த பிளாக்கெல்லாம் நாளையிலேருந்து ஆரம்பிச்சிடுங்க" என்று மொட்டைமாடிச் சாவிக்கொத்தை எடுத்தார். பழக்கதோஷத்தில் பம்பரம் கையை நீட்டினாள். சாவிக்கொத்து அவளைத் தாண்டிப் போய் நாத்தனாரின் ஈரக்கையில் விழுந்தது.

நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையை வாரிக்கொள்வது மாதிரி மேலே கொண்டுபோய்ச் சமாளித்தாள். பார்த்த பாட்டுக்காரர், பார்க்காதவர் மாதிரி ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் நாத்தனார் தெருமுனைவரை கூட வந்தாள். "மாசக் கடைசியோட மூடப் போறீங்கன்னு அண்ணன் சொன்னாரு" என்றாள், நடந்துகொண்டே.

"அது சும்மா ஒரு கோவத்துல..."

"கோவத்துல இல்ல அண்ணி. நீங்க கோவத்துல சொன்னா எனக்குத் தெரியும்."

பம்பரம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

வீட்டில் தையல்காரர் ஏதோ சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பம்பரம் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி உட்கார்ந்தாள். நாளைக்கு எந்த பிளாக், யார் இறங்குவது, உடைந்த மூடிக்கு யார் பொறுப்பு, பாட்டுக்காரருக்குப் புது பூட்ஸ் போனதா என்று மண்டைக்குள் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. கை தானாகப் போனை எடுத்தது. மறுமுனையில் நாத்தனார் உடனே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி." குரலில் ஒரு தயார்நிலை. கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகின குரல்.

பம்பரம் வாயைத் திறந்தாள். வரிசையில் முதலில் நின்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்குவது குளியலறைத் தண்ணீரை விழுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நீ சொல்லு."

லைன் அறுந்துவிட்டதோ என்று பம்பரம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுபடவில்லை. பிறகு நாத்தனார் பேச ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் மடமடவென்று. பூட்ஸ் அளவு சரியில்லை, கடைசி பிளாக்கில் ஏணி ஆடுகிறது, நர்ஸ் வீட்டுக்குத் தானே போய்ப் பேசலாம் என்றிருக்கிறாள், டம்ளருக்கு வேறு ஒரு யோசனையும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பம்பரத்திடம் கையோடு பதில் இருந்தது. கால் ஆடியது, நாற்காலி ஆடியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.